நாற்பத்திரண்டாம் நாள் கொடுத்த அப்பீல்

மங்கையர்க்கரசிக்குத் தமிழை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். கையெழுத்துப் போடத் தெரியும். இங்கிலீஷில் ஓரெழுத்தும் தெரியாது. 1968 ஜூன் பதினொன்றாம் தேதி, மழை கொஞ்சம் விட்டிருந்த முற்பகலில், கோர்ட்டு பியூன் அந்தமானின் லம்பா லைன் குடியிருப்பில் அவள் வீட்டு வாசலில் வந்து நின்று நோட்டை நீட்டியபோது தன் பெயரை முழுசாக எழுதிக் கொடுத்தாள். பியூன் பக்கத்துக் கதவைப் பார்த்தான். பூட்டியிருந்தது. அந்தம்மாவுக்கும் ஒன்று இருக்கிறது, நீயே கொடுத்துவிடு என்று இந்தியில் சொல்லி இரண்டு காகிதங்களையும் அவள் கையில் திணித்துவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

பக்கத்துக் கதவு ஷரீபாவுடையது. ஒரே மரவீடுதான், நடுவில் பலகைச் சுவர் அடித்து இரண்டாக்கியிருந்தார்கள். இந்தப் பக்கம் மங்கையும் அவள் மகள் செல்லமும். புருஷன் ராஜமாணிக்கம் மத்திய அந்தமான் காட்டில் மரம் வெட்டும் கேம்பில் வேலை பார்த்தான். வருஷத்துக்கு ஒருமுறை, மிஞ்சினால் இரண்டுமுறை, கப்பலில் வந்து இறங்குவான். அந்தப் பக்கம் ஷரீபா. கீழக்கரைப் பக்கத்துக்காரி. அவள் வீட்டுக்காரர் சிராஜ் அபர்டீன் பஜாரில் துணிக்கடையில் வேலை பார்த்து, நாலு வருஷத்துக்கு முன்பு மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். ஊருக்குத் திரும்பிப் போகாமல், ஒரு தையல் மெஷினை வைத்துக்கொண்டு அவள் இங்கேயே இருந்துவிட்டாள். மங்கையைவிட ஏழெட்டு வயது மூத்தவள். மங்கைக்கு ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். இரண்டு பேரும் ஒரே ஜில்லா என்பதே ஆரம்பத்தில் அவர்களை ஒட்டவைத்தது. மங்கைக்கு அவள் ‘அக்கா’. ஷரீபாவுக்கு இவள் ‘புள்ள’.

ஆனால் அந்த ஜூன் மாதத்தில் இருவருக்கும் பேச்சில்லை.

காரணம் கோழிதான். மங்கையின் கோழிகள் ஷரீபா வீட்டுக்குள் புகுந்து, யாரோ ஓர் அதிகாரி வீட்டம்மாவின் வெள்ளை நிற ரவிக்கைத் துணிமேல் நடந்து நாசமாக்கிவிட்டன. ஷரீபா கத்தினாள். மங்கையும் கத்தினாள். கோழியை விட்டு வேறெங்கோ போன சண்டையில் ஷரீபா ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள்.

“கோழியவே அடைக்கத் தெரியல உனக்கு. புருஷன எங்க அடைக்கப் போற? எட்டு மாசமா காட்டுலயே கெடக்காக. அங்க எவ சமைச்சுப் போடுறாளோ!”

ராஜமாணிக்கத்திடமிருந்து கடிதம் வந்து மூன்று மாதமாகியிருந்தது. தானே பலமுறை நினைத்து, நினைத்த மறுகணமே தள்ளிவிட்ட சந்தேகத்தை இன்னொருத்தி வாயால் கேட்டபோது, மங்கைக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்றோடு பேச்சு நின்றது.

ஆகவே காகிதத்தை வாங்கியவள் அதைப் பக்கத்து வீட்டுக் கதவிடுக்கில் செருகவில்லை. சாயங்காலம் கொடுக்கலாம் என்று நினைத்தாள். சாயங்காலம் ஷரீபா வந்தபோது கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்றாம் நாள் செல்லத்தைப் பள்ளிக்கூடத்தில் விடப் போனவள், சுசீலா டீச்சரிடம் தன் காகிதத்தை மட்டும் காட்டினாள். டீச்சர் வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“மங்கை, இது கோர்ட்டு ஆர்டர். நீங்களும் ஷரீபாவும் பதினாலு மாச வாடகை பாக்கி வச்சிருக்கீங்கன்னு வீட்டுச் சொந்தக்காரர் கேஸ் போட்டிருக்கார். நீங்க யாரும் வரலை, அதனால அவர் சொன்னது சரின்னு தீர்ப்பு ஆயிடுச்சு. ரெண்டு பேரும் பணத்தைக் கட்டணும். ஆர்டர் போட்டது நாலாம் தேதி. மேல அப்பீல் பண்றதுன்னா முப்பது நாளைக்குள்ள பண்ணணும். உடனே ஒரு வக்கீலப் பாருங்க.”

“நாங்க பாக்கியே வைக்கலியே டீச்சர்!”

அது உண்மை. ஒன்றரை வருஷத்துக்கு முன் ஐப்பசியில் அடித்த காற்றில் வீட்டுக் கூரை பிய்ந்து, தகரங்கள் விமானத்தளத்து வேலிவரை பறந்துபோயின. வீட்டுச் சொந்தக்காரர் சண்முகம் காண்ட்ராக்டர் அப்போது நோயில் படுத்திருந்தார். பெண்கள் இரண்டு பேரும் போய் நின்றபோது, “என்னால இப்ப முடியாதும்மா. நீங்களே கூரையைப் போட்டுக்குங்க. செலவானது கழியுற வரைக்கும் வாடகை தர வேண்டாம்” என்றார். எழுதி வாங்க யாருக்கும் தோன்றவில்லை. குடிவந்த நாளிலேயே, ஆம்பிளைகள் காட்டிலும் கடையிலும் கிடப்பவர்கள், வீட்டில் இருக்கிறவர்கள் பெயரிலேயே இருக்கட்டும் என்று பெண்கள் பெயரில் வீட்டை விட்டவர் அவர். நல்ல மனிதர். இந்த ஆண்டுத் தொடக்கத்தில் இறந்துபோனார். மெட்ராஸிலிருந்து வந்த மகன் பக்தவத்சலம் சித்திரையில் கதவில் ஒரு காகிதம் ஒட்டப்பட்டிருந்தபோது, “அது ஒண்ணுமில்ல, வீட்ட என் பேருக்கு மாத்துறாங்க. நீங்க கச்சேரிக்கெல்லாம் அலைய வேண்டாம்” என்று சிரித்துக்கொண்டே சொன்னான். இருவரும் நம்பினார்கள்; அது கோர்ட்டுச் சம்மன் என்று இருவருக்கும் தெரியவில்லை.

டீச்சரிடமிருந்து திரும்பி வரும் வழியெல்லாம் மங்கைக்குக் கால் தரையில் பாவவில்லை. நேராகப் போய் ஷரீபாவின் கதவைத் தட்டவேண்டும். தட்டினால் முதலில் பேச வேண்டியது தான்தான். அந்த வார்த்தையைச் சொன்னவளிடம் தான் போய் நிற்பதா? ‘ரெண்டு நாள் போகட்டும், அவ புருஷனப் பத்தி எவளாவது இப்படிச் சொல்லியிருந்தா சும்மா இருந்திருப்பாளா’ என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த கப்பலில் ராஜமாணிக்கம் வந்துவிடுவான், அவன் பார்த்துக்கொள்வான் என்றும் ஒரு நினைப்பு. இரண்டு காகிதங்களையும் அரிசி டின்னுக்கு அடியில் வைத்தாள்.

அந்தக் கப்பலில் அவன் வரவில்லை. மழைக்கு நடுவே வேலை நீள்கிறது என்று கேம்பிலிருந்து வந்த ஓர் ஆள் சொல்லிவிட்டுப் போனான்.

முதல் ஐந்தாறு நாள் அவளை அடக்கி வைத்தது வீம்பு. அதற்குப் பிறகு வந்தது பயம். இன்றைக்குக் கொடுத்தால் ‘எப்ப வந்துச்சு’ என்று கேட்பாளே, என்ன சொல்வது? ஒரு நாள் தள்ளினால் சொல்ல வேண்டிய பொய் ஒரு நாள் நீளமாயிற்று. வீட்டில் அவளால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. பெருக்கிய இடத்தையே பெருக்கினாள். செல்லத்தைக் காரணமில்லாமல் அடித்தாள். பலகைச் சுவருக்கு அந்தப்புறம் மெஷின் ஓடும் சத்தம் கேட்டால் எரிச்சல் வந்தது. நின்றால் நெஞ்சு அடித்துக்கொண்டது. அரிசி எடுக்கப் போகும் ஒவ்வொரு வேளையும் டின்னை அசைக்காமல் எடுக்கப் பழகிக்கொண்டாள்.

ஜூலை நாலாம் தேதி, முப்பதாவது நாள், அவள் காலையிலிருந்து மூன்று முறை வாசலுக்கு வந்தாள். மூன்றாவது முறை ஷரீபா எதிரே நின்று துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். இரண்டு பேரின் கண்ணும் ஒரு கணம் பார்த்துக்கொண்டன. ஷரீபா முகத்தைத் திருப்பினாள். மங்கை உள்ளே போய்விட்டாள்.

ஏழாம் தேதி ஜப்தி செய்யும் கோர்ட்டு அமீனா இரண்டு ஆட்களோடு வந்தார், பக்தவத்சலமும் கூட வந்தான். வீட்டிலுள்ள பொருள்களைப் பட்டியல் எடுக்க வேண்டும் என்றார்கள். மங்கை வீட்டில் ஓர் அண்டா, கட்டில், சுவர்க் கடிகாரம் என்று எழுதிக்கொண்டு, ஷரீபா வீட்டுக்குள் நுழைந்து தையல் மெஷினைத் தொட்டபோது அவள் அலறியது தெருவுக்கே கேட்டது.

“என்னது இது? யாரு சொன்னா? யா அல்லாஹ், என் கஞ்சிக்கலயம்ல இது!”

“உத்தரவு போன மாசமே கொடுத்தாச்சு” என்றார் அமீனா. “உங்களுக்கும் சேர்த்து இவங்கதான் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காங்க.”

ஷரீபா திரும்பி மங்கையைப் பார்த்தாள். பேச்சு நின்றுபோய் அன்றோடு ஆறு வாரமாகியிருந்தது.

“என்ன புள்ள? உன்கிட்டக் கொடுத்தாகளா?”

மங்கைக்கு வாயில் வந்தது இதுதான்: “ஏதோ இங்கிலீஷ் காகிதம்க்கா. என்னன்னு தெரியல. எங்கயோ வச்சுட்டேன்.”

ஷரீபா ஒரு கணம்கூடச் சந்தேகப்படவில்லை. “உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. படிக்காத சனங்கள இப்படித்தான் ஏமாத்துறாக” என்று பக்தவத்சலத்தைப் பார்த்துச் சீறினாள். பொருள்களை எடுத்துப்போகப் பதினைந்து நாள் தவணை கொடுத்துவிட்டு அவர்கள் போனதும், மங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கோழிச் சண்டை மறந்துபோயிற்று. அந்தப் பிடியிலிருந்து கையை உருவிக்கொள்ள முடியாமல் மங்கை நின்றாள்.

ஷரீபா சும்மா இருக்கிறவள் இல்லை. மறுநாளே மங்கையையும் இழுத்துக்கொண்டு பஜாருக்கு நடந்தாள். கூரைத் தகரம் வாங்கிய நஜிமுதீன் கடைக்குப் போய், யார் பெயரில் எத்தனை தகரம் என்ற பழைய ரசீதைத் தேடச் சொன்னாள். கோர்ட்டில் உத்தரவின் நகலுக்கு மனுப் போட்டாள். மூன்று நாள் அலைந்து கிருஷ்ணமூர்த்தி வக்கீலைப் பிடித்தாள். வக்கீல் கும்பகோணத்துக்காரர், வாய் நிறைய வெற்றிலை. முழுக்கதையையும் கேட்டுவிட்டு விரல்விட்டு எண்ணினார்.

“அப்பீல் போடுறதுக்குள்ள நாற்பத்திரண்டாவது நாளாயிடும். பன்னிரண்டு நாள் லேட். லேட்டுக்குத் தனியா ஒரு மனு போடணும். ஏன் லேட்டுன்னு ஜட்ஜ் கேப்பார். அவருக்கு ஒவ்வொரு நாளுக்கும் கணக்குச் சொல்லணும். காகிதம் உங்க கைக்கு வந்தது பதினொண்ணாம் தேதி. அமீனா வந்தது ஏழாம் தேதி. நடுவுல இருபத்தாறு நாள். என்ன பண்ணினீங்க மங்கையர்க்கரசி?”

“தெரியாதுங்க, என்ன காகிதம்னு…”

“தெரியலைன்னா யாரையாவது கேட்டிருக்கலாமேன்னு கேப்பார். அது செல்லாது.” வக்கீல் கொஞ்சம் யோசித்தார். “காய்ச்சல்னு போடுவோம். மலேரியா. இந்த ஊர்ல யாருக்கு வரலை? படுத்த படுக்கை, நினைவு தப்பிப் போச்சு. சரிதானே?”

மங்கை தலையாட்டினாள். ஜூலை பதினாறாம் தேதி, காய்ச்சல் என்று டைப் அடித்த பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்தும் போட்டாள். அப்பீலும் தாமத மனுவும் ஒன்றாகப் போயின. பொருள்களை எடுக்கக்கூடாது என்று தற்காலிகமாக ஒரு தடை கிடைத்தது. ஷரீபா பூந்தி வாங்கிக்கொண்டு வந்து செல்லத்தின் கையில் கொடுத்தாள்.

விசாரணை ஆகஸ்டு இருபதாம் தேதி. அதற்கு நாலு நாள் முன்பு வக்கீல் இருவரையும் வரச்சொன்னார். எதிர்த்தரப்பு, காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு எங்கே என்று கேட்டிருக்கிறது.

“ஆஸ்பத்திரிக்குப் போகலை, வீட்டு வைத்தியம்தான்னு சொல்லிடலாம். ஆனா ஒரு சாட்சி வேணும். பக்கத்து வீடு. நீங்கதான் சொல்லணும்மா” என்று ஷரீபாவைப் பார்த்தார்.

“அதுக்கென்ன, சொல்றேன். நான்தான் கஞ்சி காய்ச்சி ஊத்துனேன்னு சொல்றேன்.” ஷரீபா தயங்காமல் சொன்னாள்.

“சத்தியம் பண்ணிச் சொல்லணும்.”

அங்கேதான் கொஞ்சம் நின்றாள். பிறகு, “சரி” என்றாள்.

அந்த நாலு நாளும் மங்கை சோறு தின்றாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. இதைவிட ஷரீபா அடித்திருந்தால் தேவலை. அடுத்த நாள் மத்தியானம் பலகைச் சுவருக்கு அப்பாலிருந்து ஷரீபாவின் குரல் வந்தது.

“புள்ள, மங்கை.”

“என்னக்கா?”

“ஒண்ணுமில்ல. எங்க வீட்டுக்காரரு மவுத்தான அன்னைக்குக்கூட நான் பொய்ச் சத்தியம் பண்ணதில்ல. கடைக்காரரு பாக்கிச் சம்பளம் கொடுத்துட்டேன்னு சொன்னப்ப, இல்லன்னு சாதிச்சு வாங்கியிருக்கலாம், சத்தியம் பண்ணச் சொன்னாக, எனக்குச் சரியா ஞாபகமில்லன்னு விட்டுட்டேன். இப்ப நெஞ்சு என்னமோ பண்ணுது. ஆனா உனக்காகத்தானே. நீ வெறுங்கையோட நிக்கிறியே. அல்லாஹ் மன்னிப்பான்.”

மங்கை வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். இப்போதே எழுந்து போய்ச் சொல்லிவிடலாம். சுவர் ஒரு விரல்கடை கனம். எழுந்தாள், கதவுவரை போனாள், திரும்பி வந்தாள். இப்படி அன்றைக்கு எத்தனை தடவை என்று கணக்கில்லை.

இருபதாம் தேதி இருவரும் லாரியில் பஜாருக்குப் போய் இறங்கிக் கோர்ட்டுப் படியேறினார்கள். ஜட்ஜ் கல்கத்தாவிலிருந்து வந்தவர், தமிழ் தெரியாது. பன்னீர்செல்வம் என்ற குமாஸ்தா பக்கத்தில் நின்று தமிழை இங்கிலீஷாக்கிச் சொல்வார். முதலில் மங்கையைக் கூப்பிட்டார்கள். ஷரீபா பின்னால் பெஞ்சில், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, உதடு அசைய எதையோ ஓதிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஜூன் பதினொண்ணாம் தேதியிலேர்ந்து உங்களுக்குக் காய்ச்சல், சரிதானே?” என்றார் கிருஷ்ணமூர்த்தி.

மங்கை கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“கேள்வி காதுல விழுந்ததா?”

“விழுந்துச்சுங்க” என்றாள். பிறகு பன்னீர்செல்வத்தைப் பார்த்து, “காய்ச்சல் இல்லீங்க” என்றாள்.

வக்கீலின் வாயில் வெற்றிலை அசைவது நின்றது.

“எனக்குக் காய்ச்சலே வரலீங்க. பொய்க்குக் கையெழுத்துப் போட்டேன். காகிதம் வந்த மூணாம் நாளே சுசீலா டீச்சர்கிட்டக் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். முப்பது நாள் தவணையின்னு தெரியும். அந்தக்கா காகிதமும் என்கிட்டத்தான் இருந்துச்சு. அவுகளுக்குக் கொடுக்கல. எங்களுக்குள்ள சண்டை. ஒரு வார்த்தை சொல்லிட்டாக. அந்தக் கோவத்துல மறைச்சேன். பெறகு கோவம் போயிருச்சு, பயத்துல மறைச்சேன். அரிசி டின்னுக்கு அடியில வச்சிருந்தேன். அவுகளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. என் பேரச் சொல்லி அவுகளச் சத்தியம் பண்ணக் கூப்பிடாதீக.”

பன்னீர்செல்வம் உடனே மொழிபெயர்க்கவில்லை. கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். “இதை அப்படியே சொல்லட்டுமா அம்மா?” என்று மெல்லக் கேட்டார்.

“சொல்லுங்க.”

ஜட்ஜ் இருவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது. ஆனால் பின்பெஞ்சுக்கு இங்கிலீஷ் தேவைப்படவில்லை. மங்கை திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே, ஓதுகிற முணுமுணுப்பு நின்றுபோனது அவளுக்குக் கேட்டது.

பன்னீர்செல்வம் சொல்லி முடித்ததும் ஜட்ஜ் நெடுநேரம் எழுதினார். பொய்ப் பிரமாணத்துக்காக உன்னை ஜெயிலுக்கு அனுப்பலாம் என்றார். நீயே வந்து ஒப்புக்கொண்டதால் எச்சரித்து விடுகிறேன் என்றார். வக்கீலைப் பார்த்து அதைவிடக் கடுமையாக நாலு வார்த்தை சொன்னார். பிறகு தீர்ப்புச் சொன்னார். ஷரீபாவுக்கு ஏழாம் தேதிவரை எதுவும் தெரியாது, அதன்பின் ஒரு நாளையும் வீணாக்கவில்லை. ஆகவே அவளுடைய தாமதம் மன்னிக்கப்படுகிறது. மங்கையர்க்கரசி தெரிந்தே காலத்தைக் கடத்தினாள். அவள் மனு தள்ளுபடி.

வெளியே வராந்தாவில் கிருஷ்ணமூர்த்தி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “உங்க கதை முடிஞ்சது. இனி ஷரீபா அப்பீல் மட்டும்தான் நடக்கும். ரெண்டு பேருக்கும் பொதுவான நியாயம்னு ஜட்ஜ் கண்டா, மொத்த ஆர்டரையும் ரத்து பண்ணலாம், உங்களுக்கும் விடிவு. அவங்க தன் பாதிக்கு மட்டும் பேசினா, உங்க பாதி போச்சு. எல்லாம் அவங்க கையில.”

‘அவங்க’ அதற்குள் படியிறங்கிப் பாதித் தெரு போயிருந்தாள். மங்கை கூப்பிடவில்லை. அன்று இருவரும் தனித்தனியாகத்தான் வீடு வந்தார்கள்.

தடை நீங்கியதால் ஒரு வாரத்தில் அமீனா வந்து மங்கையின் அண்டாவையும் கட்டிலையும் கடிகாரத்தையும் எடுத்துப்போனார். ஷரீபா வாசலுக்கு வரவில்லை. செப்டம்பர் கடைசியில் ராஜமாணிக்கம் கப்பலில் வந்து இறங்கினான். தாடியும் அட்டைக்கடித் தழும்புமாக வீட்டுக்குள் நுழைந்தவன், காலியான இடங்களைப் பார்த்துத் திகைத்து நின்றான். மங்கை ஒன்றுவிடாமல் சொன்னாள். அந்த வார்த்தையையும் சொன்னாள். சொல்லிவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள்.

“எவ சமைச்சுப் போடுறாளா?” என்றான். “எங்க கேம்புல சமைக்கிறது ராஞ்சிக்காரன் ஒருத்தன். கையெல்லாம் சிரங்கு. அவன் சோத்தத் தின்னுட்டு நான் இன்னும் உசுரோட இருக்கேனே, அதப் பாரு.”

சிரிக்க வைக்கத்தான் சொன்னான். மங்கைக்கு அழுகை வந்தது. இதற்காகவா இருபத்தாறு நாள்!

“நான் போய் அவுககிட்டப் பேசவா?” என்று கேட்டான்.

“வேணாம். நம்ம கேட்டு அவுக செய்யக் கூடாது.”

அவன் லீவு முடிந்து போன பின்பு, டிசம்பர் ஒன்பதாம் தேதி அப்பீல் விசாரணை வந்தது. மங்கைக்கு அங்கே வேலையில்லை. இருந்தாலும் வீட்டில் இருக்க முடியவில்லை. செல்லத்தைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நடந்தே போய், கோர்ட்டில் கடைசிப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். வரும் வழியில் நஜிமுதீன் அவளிடம் ஒரு சேதி சொல்லியிருந்தார். பக்தவத்சலம் ஷரீபாவைப் பார்த்துப் பேசியிருக்கிறானாம். ‘உன் பக்கத்துக் கூரையை நீ போட்டாய், அந்தப் பக்கத்தை எங்கப்பாவே போட்டுக் கொடுத்தார் என்று சொல்லிவிடு, உன் பாக்கியை நான் விட்டுவிடுகிறேன், மெஷினுக்கும் ஆபத்தில்லை’ என்றானாம். ஷரீபா என்ன பதில் சொன்னாள் என்று நஜிமுதீனுக்குத் தெரியவில்லை.

நஜிமுதீன் கூண்டில் ஏறி ரசீதைக் காட்டினார். தகரம் எல்லாம் ஷரீபா பெயரில் ஒரே ரசீதாக இருந்தது. இரண்டு பேரும் பங்குபோட்டுப் பணம் கொடுத்தார்கள் என்று அவர் சொன்னாலும், எழுத்தில் அது இல்லை. பிறகு ஷரீபா ஏறினாள். பக்தவத்சலத்தின் வக்கீல் நயமாகத்தான் கேட்டார்.

“அம்மா, நீங்க வாங்கின தகரத்தை உங்க பக்கத்துக் கூரைக்குத்தான் போட்டீங்க, இல்லையா? அந்தப் பக்கம் சண்முகம் ஐயாவே போட்டுக் கொடுத்தார். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அந்தம்மா உங்களுக்கு என்ன செஞ்சாங்கன்னு இந்தக் கோர்ட்டுக்கே தெரியும்.”

ஷரீபா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். மங்கை தரையைப் பார்த்தாள். ஆம் என்று சொன்னாலும் குற்றம் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

“அவ எனக்குச் செஞ்சது வேற” என்றாள் ஷரீபா. “நீங்க கேக்குறது கூரை. வீட்டுக்கு நடுவுல செவுரு இருக்கு. கூரைக்கு நடுவுல செவுரு கெடயாது. ஒரே கூரைதான். தகரத்த நானும் அவளும்தான் ஆளுக்கொரு பக்கம் புடிச்சுத் தூக்குனோம். சட்டத்துக்கு மரம் சாத்தம் மர மில்லுல கழிச்சுப் போட்டது; அத அவ வீட்டுக்காரருதான் வாங்கிட்டு வந்து அடிச்சாக. கடைக்கு நான் போனதால ரசீது என் பேருல இருக்கு. அவ பங்க அவ கொடுத்துட்டா. சண்முகம் ஐயா எங்க ரெண்டு பேரையும் நிக்க வச்சுத்தான் வாடகை வேணாமின்னாரு.”

பன்னீர்செல்வம் இதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். சுவரையும் கூரையையும் சொல்லும்போது கையால் காட்டினார். ஜட்ஜ் பேனாவை வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார்.

தீர்ப்பு ஒரு வாரம் கழித்து வந்தது. கூரைச் செலவு பன்னிரண்டு மாத வாடகைக்குச் சரி. மீதி இரண்டு மாதத்தை மட்டும் இருவரும் சேர்ந்து கட்ட வேண்டும். மற்றபடி பழைய உத்தரவு இரண்டு பேருக்கும் சேர்த்து ரத்து. அண்டாவும் கட்டிலும் திரும்பி வந்தன. கடிகாரம் எங்கேயோ தொலைந்துபோயிருந்தது.

தீர்ப்பு கேட்டுவிட்டு வரும்போது மங்கை நாலடி பின்னால் நடந்தாள். பஜார் முனையில் ஷரீபா நின்றாள்.

“உன்னைய மன்னிச்சுட்டேன்னு நெனைக்காத புள்ள. கூரையப் பத்திக் கேட்டாக, சொன்னேன்.”

“தெரியும்க்கா.”

“இருபத்தாறு நாளும் நான் எதிர்லயே நின்னு துணி காயப்போட்டேனே. என் மூஞ்சியப் பாத்துக்கிட்டுத்தானே இருந்த?”

“ஆமாக்கா.”

“நானும் அந்த வார்த்தையச் சொல்லியிருக்கக் கூடாது” என்றாள் ஷரீபா. “அதுக்கு இது சரியாப் போச்சுன்னு சொல்ல வரல. அது தனி, இது தனி.” பிறகு நடந்தாள்.

அதன் பின் பழையபடி ஆகவில்லை. பேசினார்கள், அளந்து பேசினார்கள். உப்பு, தீப்பெட்டி கொடுத்து வாங்கினார்கள். ரம்ஜானுக்குச் செல்லத்துக்குப் புதுப்பாவாடை வந்தது. எப்போதும் மங்கைக்கும் தைத்து வரும் ரவிக்கை இந்தமுறை வரவில்லை. மங்கை அதைக் கவனித்தாள், கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கோழிகளை மட்டும் அந்த வருஷமே விற்றுவிட்டாள்.

1971இல் ஷரீபாவின் தம்பி குடும்பம் எதிர்க்கரைப் பாம்பூஃப்ளாட்டில் கடை போட்டது. அவளும் அங்கே போய்விட முடிவு செய்தாள். மெஷினை ராஜமாணிக்கம் தோளில் தூக்கிவர, மூட்டைகளோடு மங்கை சாத்தம் ஜெட்டிவரை போனாள். ஃபெரி கிளம்பும் நேரத்தில் ஷரீபா, “வெள்ளிக்கிழமை வா. அளவு எடுக்கணும், ரவிக்கைக்கு” என்றாள், வேறு பக்கம் பார்த்துக்கொண்டே.

வெள்ளிக்கிழமை மங்கைக்கு விடிவதற்கு முன்பே விழிப்பு வந்துவிட்டது. முதல் ஃபெரியிலேயே ஏறிவிட்டாள். அவ்வளவு சீக்கிரம் போகக்கூடாது, அவள் என்ன நினைப்பாள் என்று படகில் உட்கார்ந்து யோசித்தாள். உட்கார முடியாமல் எழுந்து கம்பியைப் பிடித்து நின்றாள். பாம்பூஃப்ளாட்டில் வழி கேட்டுப் போய்ச் சேர்ந்தபோது ஷரீபாவின் வீடு பூட்டியிருந்தது. மீன் வாங்கப் போயிருக்கிறாள் என்றார்கள். மங்கை வாசல் கல்லில் உட்கார்ந்தாள். வெயில் ஏறியது. போய்விடலாமா என்று இரண்டு தடவை எழுந்தாள். இரண்டு தடவையும் உட்கார்ந்துவிட்டாள். அரைமணி நேரம் கழித்து, கையில் மீன் பையோடு ஷரீபா தெருமுனையில் திரும்பினாள்.

“என்ன புள்ள, இம்புட்டு வெள்ளனவா?” என்றாள். “எந்திரி. சாவி என் மடியில இருக்கு, எடு. கை பூரா மீனு.”